சமையல் கேஸ் மேலே போகுமா, கீழே படுக்குமா?

சென்ற மாதம் ரந்தாவ் வட்டாரத்தில் ஒரு தோட்டத்திற்குப் போயிருந்தேன். பெரட்டு முடிந்து ஆட்கள் வேலைக்குப் போன பிறகு, லயத்தில் ஓர் அம்மாவின் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக் கொண்டிருந்தேன். சமையற்கட்டுப் பக்கமிருந்து லேசாகக் கேஸ் வாசம் வந்தது.

"அம்மா, கேஸ் வாசம் வருதே?" என்றேன்.

"அது ஒரு வாரமாவே அப்படித்தான் தம்பி. அதான் மேல் ஜன்னலைத் தொறந்தே வச்சிருக்கேன். கேஸு காத்துதானே, மேலே போயிடும்" என்றார் அந்த அம்மா, மிகச் சாதாரணமாக.

அதற்குமேல் எனக்குக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்பு மேசைமேல் இருந்தது. தோம்பு மேசைக்கு அடியில். பின்வாசல் கதவுக்கும் சிமெண்டுத் தரைக்கும் இடையே இருந்த சந்தை, சாக்கை மடித்துச் செருகி அடைத்திருந்தார். அதன்மேல் ஒரு பலகைத் துண்டையும் வைத்து ஆணி அடித்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "பாம்பு வருது தம்பி" என்று பதில் வந்தது. மூலையில் சாமி படம், அதன் முன்னால் தரையிலேயே காமாட்சி விளக்கு. அதற்குப் பக்கத்தில் ஐஸ்பெட்டி. வாசத்திற்குக் காரணம் ரப்பர்க் குழாய். அது விறகுக் குச்சிபோல் விறைத்து, அடுப்போடு சேரும் இடத்தில் வெடித்திருந்தது.

அந்த அம்மா ஒன்றும் அறியாதவர் அல்லர். நாற்பது ஆண்டு அடுப்படி அனுபவம் உள்ளவர். புகை மேலே போவதையும் ஆவி மேலே போவதையும் நாள்தோறும் பார்ப்பவர். கேஸும் அப்படித்தான் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. படித்த பிள்ளைகளைக் கேட்டாலும் பாதிப்பேர் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நம் வீட்டுத் தோம்பில் உள்ள கேஸ் மேலே போகாது. கீழே இறங்கும், தரையோடு படுக்கும், தண்ணீர்போல் பள்ளம் பார்த்து ஓடும். இந்த ஒரு குணத்தைத் தெரிந்துகொண்டால், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதில் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும்.

குழப்பத்திற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'கேஸ்' என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை இரண்டு வேறு பொருள்கள். 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலையில், சிலாங்கூர் புத்ரா ஹைட்சில் பெட்ரோனாஸ் நிறுவனத்தின் நிலத்தடிக் கேஸ் குழாய் வெடித்துத் தீப்பற்றியதை நாம் எல்லாரும் கைப்பேசியில் பார்த்தோம். தீ பல மாடி உயரத்திற்கு எழுந்தது. பல மணி நேரம் எரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள், பல வீடுகள் அழிந்தன, உயிர்ச்சேதம் இல்லாமல் போனது பெரும் பாக்கியம். அந்தக் குழாயில் ஓடியது இயற்கை வாயு. அதன் பெரும்பகுதி மீத்தேன். மீத்தேன் காற்றின் கனத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். ஆகவே அது கசிந்தால் மேலேதான் போகும். செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளத்தில் கொப்பளித்து வருவதும் பெரும்பாலும் மீத்தேன்தான். (திரெங்கானுவிலிருந்து வரும் இயற்கை வாயுக் குழாய் நமது நெகிரி செம்பிலான் வழியாகவும் போகிறது. செம்பனைக் காட்டுக்குள் குழாய்ப் பாதை என்று எச்சரிக்கும் கம்பத்தைக் கண்டால், அந்த இடத்தில் மண்வெட்டியோ இயந்திரமோ போடாதீர்கள்.)

தோம்பில் வருவது அதுவல்ல. அது புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. இரண்டும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்தவை. புரோப்பேனில் 3 கார்பன் அணு, 8 ஹைட்ரஜன் அணு. பியூட்டேனில் 4 கார்பன், 10 ஹைட்ரஜன். மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் இவை தம்பி முறை என்று வைத்துக்கொள்ளலாம். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பெட்ரோல், டீசல் ஆகியவற்றோடு இவையும் கிடைக்கின்றன. நம் மாநிலத்துப் போர்ட்டிக்சனில் 1960-களில் ஷெல், எஸ்ஸோ என்ற இரண்டு நிறுவனங்கள் எண்ணெய் ஆலைகளை அமைத்தன. அந்த ஆலைகள் பின்னாளில் கைமாறி, இன்று ஹெங்யுவான், பெட்ரோன் என்ற பெயர்களில் இருக்கின்றன. கடற்கரைக்குப் பஸ்ஸில் போகும்போது உச்சியில் தீ எரியும் கோபுரத்தைக் காட்டி, 'அது என்னப்பா?' என்று கேட்காத பிள்ளை உண்டா?

தோம்பைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். உள்ளே 'சளக் சளக்' என்று தண்ணீர்போல் சத்தம் கேட்கும். உள்ளே இருப்பது காற்று வடிவில் இல்லை. அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டு இருக்கிறது. ஒளி ஊடுருவும் மலிவான சிகரெட் லைட்டரில் தளும்புகிறதே, அதுவும் இந்தப் பியூட்டேன் வகைதான். தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும். பியூட்டேனோ பனிக்கட்டி உருகும் சூட்டிலேயே கொதித்துவிடும். புரோப்பேனுக்கு அதுவும் வேண்டாம்; பூஜ்யத்திற்குக் கீழே 42 டிகிரியிலேயே கொதிக்கும். நம் ஊர் வெயிலில் இவை திரவமாக நிற்பதெல்லாம் இரும்புத் தோம்பு இறுக்கிப் பிடித்திருப்பதால்தான். வெளியே விட்டால் ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரிந்துவிடும்.

இதனால்தான் தோம்பை எப்போதும் நிமிர்த்தி வைக்க வேண்டும் என்கிறோம். நிமிர்ந்திருந்தால் மேலே உள்ள வாயு மட்டும் குழாய்க்குள் போகும். மாதக் கடைசியில் கேஸ் தீர்ந்துபோகும் நேரம், 'இன்னும் ஒரு சமையலுக்கு வரும்' என்று தோம்பைப் படுக்கப் போடுவதையும், குப்புறக் கவிழ்ப்பதையும், வெந்நீர் ஊற்றுவதையும் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். படுக்கப் போட்டால் திரவமே குழாய்க்குள் வந்துவிடும். அடுப்பில் திடீரென்று தீ ஆள் உயரத்திற்குப் பாயும். அந்தத் திரவம் கையில் பட்டால் தீயே இல்லாமலும் தோல் வெந்துபோகும், அவ்வளவு குளிர். மிச்சம் பிடிக்கும் இரண்டு வெள்ளிக் கேஸுக்கு இது கட்டுப்படியாகாது. எவ்வளவு மிச்சம் இருக்கிறதென்று பார்க்க வேண்டுமானால், ஈரத்துணியால் தோம்பின் பக்கத்தைத் துடைத்துவிட்டுக் கவனியுங்கள். திரவம் இருக்கும் வரையில் ஈரம் மெதுவாகக் காயும். அதற்கு மேலே சீக்கிரம் காய்ந்துவிடும்.

இனி, கனத்திற்கு வருவோம். காற்றின் கனத்தை 29 என்று வைத்தால் புரோப்பேன் 44, பியூட்டேன் 58. அதாவது ஒன்று காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், மற்றது இரண்டு மடங்கு. நம்ப முடியவில்லையா? வீட்டில் பிள்ளைகளோடு ஒரு சோதனை செய்து பாருங்கள். கேஸை வைத்து அல்ல! ஆப்பத்துக்குப் போடும் சோடா மாவு இரண்டு கரண்டியை ஒரு பெரிய ஜாடியில் போட்டு, அதில் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துக் கொண்டு வருவது கரியமில வாயு. நுரை அடங்கியதும், ஓர் அகலக் கிண்ணத்துக்குள் சிறிய மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, ஜாடியை அதன்மேல் மெல்லச் சாயுங்கள். தண்ணீர் வரக்கூடாது, வெறும் 'காற்றை' ஊற்றுவதுபோல் ஊற்ற வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விளக்கு அணைந்துவிடும். அந்த வாயு கீழே வழிந்து கிண்ணத்தை நிரப்பிவிட்டது. அந்தக் கரியமில வாயுவின் கனமும் 44தான். புரோப்பேனின் அதே கனம். ஒரே வித்தியாசம், இது தீயை அணைத்தது. கேஸாக இருந்தால் தீயைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் திரும்பி வந்திருக்கும்.

இப்போது நம் லயத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். பத்து வீடு ஒரே வரிசை. பின்புறம் எல்லாச் சமையற்கட்டையும் ஒட்டி ஒரே கால்வாய், நாம் லோங்காங் என்போமே, அதுதான். மூன்றாம் நம்பர் வீட்டில் இரவெல்லாம் கசிந்த கேஸ், தண்ணீர் போகும் ஓட்டை வழியாகக் கால்வாயில் இறங்கும். அங்கிருந்து சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தவழும். ஏழாம் நம்பர் வீட்டு அக்கா விடியற்காலை நாலரைக்கு எழுந்து, வெளியடுப்பில் வெந்நீர் போட ரப்பர் விறகைப் பற்ற வைப்பார். அவர் வீட்டில் கேஸே இல்லாமல்கூட இருக்கலாம். பழைய பலகை வீடுகளில், அதாவது தூண்மேல் நிற்கும் வீடுகளில், பலகைச் சந்து வழியாக இறங்கி வீட்டுக்கு அடியிலும் போய்ச் சேரும்.

1984 நவம்பர் 19-ஆம் தேதி மெக்சிகோ நாட்டில் சான் ஹுவான் இஷுவாத்தெபெக் என்ற இடத்தில் நடந்ததும் இதுதான், அளவுதான் பெரியது. பெரிய கேஸ் கிடங்கு ஒன்றில் குழாய் வெடித்துக் கேஸ் கசிந்தது. அது ஆகாயத்துக்குப் போகாமல் மேகம்போல் தரையோடு பரவி, தள்ளி எரிந்துகொண்டிருந்த தீயைப் போய்த் தொட்டது. அடுத்தடுத்துத் தொட்டிகள் வெடித்தன. பக்கத்திலேயே நெருக்கமாக ஏழைத் தொழிலாளர் குடிசைகள். ஏறத்தாழ 500 பேர் மாண்டார்கள்.

'ஒரு தோம்புக் கேஸ் என்ன செய்துவிடும்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கேஸ் எல்லா அளவிலும் எரியாது. நூறு பங்கு காற்றில் இரண்டு பங்குக்குக் குறைவாக இருந்தால் பற்றாது. சுமார் பத்து பங்கைத் தாண்டினாலும் பற்றாது. இடைப்பட்ட அளவில்தான் ஆபத்து. பத்தடிக்குப் பத்தடி, ஒன்பதடி உயரமுள்ள சமையற்கட்டு முழுவதையும் அந்த இரண்டு பங்கு அளவுக்குக் கொண்டுவர எவ்வளவு கேஸ் வேண்டும் தெரியுமா? ஏறக்குறைய ஒரு கிலோ. நம் தோம்பில் இருப்பது 14 கிலோ. அதுவும் அறை முழுதும் கலந்தால்தான் ஒரு கிலோ. முழங்கால் உயரத்துக்கு மட்டும் படுத்துக் கிடக்கக் கால் கிலோவே போதும்!

முழங்கால் உயரத்தில் நம் வீட்டில் என்னென்ன இருக்கின்றன? அந்த அம்மா வீட்டில் காமாட்சி விளக்கு இருந்தது. ஐஸ்பெட்டியின் இயந்திரம் பின்னால் கீழ்ப்பக்கம்தான் இருக்கிறது; அது தானாக ஓடி நிற்கும்போதெல்லாம் உள்ளே சின்னப் பொறி பறக்கக்கூடும். யாரும் கை வைக்க வேண்டியதில்லை. கொசுவர்த்தி கொளுத்த நெருப்புக் குச்சி உரசுவதும் தரையருகில்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, பாய் போட்டுத் தரையில் படுக்கும் பிள்ளைகள். கேஸ் நஞ்சு அல்ல, ஆனால் காற்றை விரட்டிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்து கொள்ளும். முதலில் தலைவலி, மயக்கம், பிறகு மூச்சுத்திணறல். கட்டிலில் படுத்திருக்கும் பெரியவருக்கு வாசம் தெரியும் முன்பே பாயில் கிடக்கும் குழந்தை அதைச் சுவாசித்துக் கொண்டிருக்கும்.

வாசம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கேஸுக்குச் சொந்த வாசமே கிடையாது. அழுகிய முட்டைக்கோஸ்போல் நாம் முகர்வது, வேண்டுமென்றே கலக்கிற மெர்காப்டன் என்ற கந்தகப் பொருள். 1937 மார்ச் 18-ஆம் தேதி அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தின் அடியில் வாசமில்லாத இயற்கை வாயு யாருக்கும் தெரியாமல் சேர்ந்து, ஒரு மின்சாரப் பொறியில் வெடித்தது. ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், இறந்தார்கள். அதன் பிறகுதான் கேஸில் நாற்றத்தைக் கலக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. பிறகு உலகெங்கும் பரவியது. அந்தப் பிள்ளைகளின் உயிரை விலையாகக் கொடுத்து நமக்குக் கிடைத்த எச்சரிக்கை அது. 'ஒரு வாரமாவே வருது' என்று அதோடு குடித்தனம் நடத்தலாமா? இன்னொன்று, ஒரே வாசத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும். சளி பிடித்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் தெரியாமலே போகலாம். வெளியிலிருந்து வந்தவன் என்பதால்தான் எனக்கு உடனே தெரிந்தது.

சரி, வாசம் வந்துவிட்டது. என்ன செய்வது? முதலில், சுவிட்சைத் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி உண்டு. விடியற்காலையில் வாசம் வந்ததும் கை தானாக லைட் சுவிட்சுக்குத்தான் போகும், அந்தப் பழக்கம்தான் எமன். காற்றாடி வேண்டாம், கைப்பேசியை அங்கே எடுக்க வேண்டாம். எரியும் விளக்கோ அடுப்போ இருந்தால் அணைத்துவிட்டு, தோம்பின்மேல் உள்ள ரெகுலேட்டரைத் திருகி மூடுங்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் முன்வாசல் வழியாக வெளியேற்றுங்கள். கதவுகளைத் திறந்து விடுங்கள். கவனியுங்கள், ஜன்னலைவிடக் கதவு முக்கியம்; ஏனென்றால் கதவுதான் தரை வரைக்கும் திறக்கிறது. பிறகு ஓர் அட்டையையோ ஈரச் சாக்கையோ எடுத்து, தரையோடு தரையாக, வீட்டுக்குள் வந்த வெள்ளத்தைத் தள்ளுவதுபோல் வாசல் பக்கம் விசிறித் தள்ளுங்கள். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் குரல் கொடுத்து, பின்கட்டு அடுப்புகளை அணைக்கச் சொல்லுங்கள். மூடிய பிறகும் தோம்பின் வாயில் 'உஸ்' என்று சத்தம் நிற்கவில்லை என்றால், இரண்டு பேர் சேர்ந்து நிமிர்த்தியபடியே தூக்கிக்கொண்டு போய், கால்வாய்க்கும் தாழ்ந்த இடத்துக்கும் தொலைவாக வெட்டவெளியில் வையுங்கள். வெகுதூரம் தள்ளி நின்று 999-க்கு அழைத்து, பொம்பா வேண்டும் என்று சொல்லுங்கள்.

தோம்பின் வாயிலேயே தீப் பிடித்து எரிந்தால் பலரும் தண்ணீரை வீசுவார்கள், போர்வையைப் போடுவார்கள். ரெகுலேட்டரை மூட முடியுமானால் ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு மூடுங்கள்; தீ தானே அணைந்துவிடும். மூட முடியாது என்றால் தீயை அணைக்கவே முயலாதீர்கள். கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் எரியும் கேஸ் நம் கண்முன்னே ஓரிடத்தில் தீர்ந்துபோகிறது. தீயை மட்டும் அணைத்துக் கேஸை ஓடவிட்டால், அது தரையில் படர்ந்து வேறோர் இடத்தில் மொத்தமாகப் பற்றும். எல்லாரும் வெளியேறி, பொம்பாவிடம் விட்டுவிடுவதே உத்தமம்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க நெருப்புக் குச்சியைக் கொளுத்திக் காட்டும் மகானுபாவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். துணி துவைக்கும் சவுக்காரத்தைத் தண்ணீரில் கரைத்து, ரெகுலேட்டரிலும் குழாய் நெடுகவும் பூசுங்கள். முட்டை முட்டையாக நுரை வருகிற இடம்தான் ஓட்டை. புதுத் தோம்பு மாட்டும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யலாம், இரண்டு நிமிட வேலை. குழாயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். நம் வீடுகளில் எலி கடிப்பதும் உண்டு, ஆகையால் பின்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். சிரிம் முத்திரை உள்ள குழாயையும் ரெகுலேட்டரையுமே வாங்க வேண்டும். இராத்திரி படுக்கும் முன் அடுப்பை மட்டும் அணைத்தால் போதாது. தோம்பிலும் மூட வேண்டும். கோயில் திருவிழா அன்னதானத்துக்குப் பெரிய அடுப்பு போடும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த அடுப்பின் ரெகுலேட்டர் அதிக அழுத்தத்தில் கேஸை விடுவது. அதை வீட்டு அடுப்பில் மாட்டாதீர்கள். பந்தலைச் சுற்றித் தரை வரைக்கும் தார்பாய் கட்டி, அதற்குள் நான்கு தோம்புகளை அடுக்காதீர்கள்.

இவ்வளவும் சொன்னதால், 'கேஸே வேண்டாம், விறகே போதும்' என்று யாரும் திரும்பிவிட வேண்டாம். விறகுப் புகை நம் தாய்மார்களின் நெஞ்சையும் கண்ணையும் தின்றது கொஞ்சமா? கேஸ் சரியாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் மட்டுமே மிச்சம். ஆனால் ஒரு பங்கு கேஸ் முழுமையாக எரிய 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். காற்றுக் குறைந்தால் நீலத் தீ மஞ்சளாகும், பானையின் அடி கருக்கும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ஆகவே மஞ்சள் தீயைக் கண்டால் பர்னரைக் கழற்றிக் கழுவுங்கள். சமைக்கும்போது மழைக்குப் பயந்து எல்லாவற்றையும் சாத்தாதீர்கள். ஜன்னல் இறுகித் திறக்கவில்லை, கதவு உளுத்துவிட்டது என்றால் நிர்வாகத்திடம் சொல்லிப் பழுது பார்க்கச் செய்யுங்கள். தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது 446-ஆம் சட்டம், வீட்டை நல்ல நிலையில் வைக்கும் பொறுப்பை முதலாளிமீதுதான் சுமத்தியிருக்கிறது. தயங்க வேண்டியதில்லை.

எல்லாக் கவனத்தையும் மீறி யாருக்காவது தீக்காயம் பட்டுவிட்டால், ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காயத்தைக் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை வேண்டாம், கிச்சாப்பு வேண்டாம், காப்பித் தூளும் நல்லெண்ணெயும் வேண்டாம். இவற்றைப் பூசினால் சூடு உள்ளேயே தங்கும், பிறகு டாக்டர் சுரண்டி எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். மோதிரம், வளையல்களை வீங்கும் முன்பே கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய நைலான் நைட்டியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். முகத்திலோ கையிலோ பட்டிருந்தாலும், சிறு குழந்தையானாலும், உள்ளங்கையைவிடப் பெரிய காயமானாலும், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பதே கூடாது. மூக்கு மயிர் கருகி, குரல் கம்மியிருந்தால் தொண்டைக்குள்ளும் வெந்திருக்கிறது என்று அர்த்தம். சிரம்பானோ, போர்ட்டிக்சனோ, கோலப்பிலாவோ, எது அருகிலோ அங்கே ஒரு நிமிடமும் தாமதிக்காமல் போக வேண்டும். உடுப்பில் தீப்பற்றியவரை ஓட விடாதீர்கள். தரையில் படுக்க வைத்து உருட்டுங்கள், கனத்த பருத்திப் போர்வையால் போர்த்துங்கள்.

அன்றைக்கு அந்த அம்மாவின் வீட்டில் ரெகுலேட்டரை மூடிவிட்டு, காமாட்சி விளக்கு ஏற்றாமல் இருந்ததற்குச் சாமியைக் கும்பிட்டுவிட்டு, பின்கதவைத் திறந்து வைத்தோம். மாலையில் அவர் மகன் பட்டணத்துக்குப் போய்ப் புதுக் குழாய் வாங்கி வந்தார். விளக்கு சுவரில் அடித்த பலகைக்கு ஏறியது. கதவடியில் இருந்த பலகையையும் சாக்கையும் எடுக்கச் சொன்னபோதுதான் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"கேஸு போறதுக்கு வழி விடச் சொல்றீங்க. சரி. அந்த வழியா பாம்பு வந்தா நீங்களா தம்பி வந்து அடிப்பீங்க?"

நியாயமான கேள்விதான். கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பி வலையில், கண் சிறியதாகப் பார்த்து ஒரு முழம் வெட்டி, அந்தச் சந்தில் அடித்துக் கொடுத்தார் மகன். கேஸ் போகும், பாம்பு வராது. "இத முன்னாலயே சொல்லியிருந்தா சாக்கு மிச்சமாயிருக்கும்" என்றார் அம்மா. ஆறிப்போன என் காப்பியைச் சூடாக்கிக் கொடுத்தார், புதுக் குழாயில் சவுக்கார நுரை பூசிப் பார்த்த பிறகுதான்.